அணைக்காரி

பதினொரு வருஷமாய்
கிரேட்சீல் தொடங்கி ஒன்பது கிலோமீட்டர்
மண்ணணைக்கு நான் பொறுப்பு.
அந்தப் பக்கம் வடகடல், இந்தப் பக்கம் நாங்கள்.
எலி வளை, முயல் குழி, புல் கருகிய திட்டு
எதுவானாலும் நோட்டில் ஏறும்.
ஆடுகளை மேயவிடுவதுகூடப்
பாதி புல்லுக்கு, பாதி
குளம்பு மிதித்து மண் இறுகட்டும் என்றுதான்.
இறுக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மருத்துவச்சி எஃப்கே
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து
படம் போட்டுக் காட்டியபோது சிரித்துவிட்டேன்.
யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே
இரண்டு விரற்கடைச் சதை.
எங்கள் மொழியில் அதற்கும் அணை என்றே பெயர்.
"இதை நீ காக்க வேணாம்," என்றாள்.
"இளக்கு."

முப்பத்தைந்தாம் வாரம்.
பாதாம் எண்ணெய், கழுவிய கை, ஒட்ட வெட்டிய நகம்.
கட்டைவிரலைக் கொஞ்சம் உள்ளே விட்டுக்
கடிகாரத்தில் மூன்றிலிருந்து ஆறு வழியாய் ஒன்பதுக்கு,
எரிகிற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, மறுபடி.
வயிற்றைத் தாண்டிக் கை எட்டவில்லை.
என் காலணிக் கயிற்றை நான் பார்த்தே
இரண்டு மாதம்.

ஆக, ஓன்னோ.
அடுமனைக்காரன், விடியுமுன் மூன்று மணிக்கு எழுபவன்.
அவன் விரல் வெடிப்புகள் ஆற
ஒரு வாரம் களிம்பு பூசிக் காத்திருந்தோம்.
முதல் இரவு அவன் கூரையைப் பார்த்தான்,
நான் அவனை.
"வலிக்குதா?"
"இல்ல."
"இப்ப?"
"பேசாதே."
அப்புறம் தன்னையறியாமல் சொன்னான்:
"ரை மாவும் இப்படித்தான். அவசரப்பட்டா கிழிஞ்சிடும்."
உதைத்தேன்.
எண்ணெய்க் குப்பி உருண்டு
கட்டிலடியில் போய்ச் சேர்ந்தது. இன்னும் கறை இருக்கிறது.

"இடுப்புத் தளத்தை இறுக்கு," என்பாள் எஃப்கே.
இறுக்குவேன்.
"பாறைதான் போ. இப்ப விடு."
விடுவேன்.
"இன்னும் விடல."
விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்வேன்.
"பல்லைக் கடிச்சிருக்கே. மேல பூட்டினா கீழயும் பூட்டு."
குதிரைபோல் உதடு படபடக்க ஊதச் சொன்னாள்.
ஊதினேன், எச்சில் தெறிக்க.
முப்பத்துமூன்று வயதில் தெரிந்தது,
தூங்கும்போதும்
எதையோ பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறேன்.

விடுப்புக்கு முந்தின நாள்
மதகைப் பார்க்கப் போனேன்.
ஓக் மரக் கதவு இரண்டு.
கடல் ஏறினால் கடலே தள்ளிச் சாத்தும்.
கடல் இறங்கினால்
வயல்களின் தண்ணீர் உள்ளிருந்து சாய்ந்து
தானே திறந்து போகும்.
மோட்டார் இல்லை. ஆள் இல்லை.
கீலுக்கு எண்ணெய் விட்டதெல்லாம் நான்தான்,
திறந்தது ஒருநாளும் நானில்லை.
பதினொரு வருஷ நோட்டில்
மதகைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன்.

டிசம்பர், ஒரு செவ்வாய் இரவு.
சூடான காப்பியில் துணி நனைத்து
எஃப்கே கீழே ஒற்றிக்கொண்டே இருந்தாள்.
அறை முழுக்க அடுமனை வாசனை.
"முக்காதே. ஊது."
குதிரை உதடு.
தலை வந்தது. உள்ளே போனது. வந்தது.
நெருப்பு வளையம்போல் ஒன்று,
அங்கேயே நின்றது.
பிடிக்க ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசை.
தாடையை விட்டேன்.

தாலேயா. மூன்றரைக் கிலோ.
எனக்கு மூன்று தையல்.
"அப்ப அந்த எண்ணெயெல்லாம்..." என்று இழுத்தான் ஓன்னோ.
எஃப்கே ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்
"விளக்கை இந்தப் பக்கம் பிடி," என்றாள்.

மார்ச் கடைசியில்
ஆடுகளை மறுபடி ஏற்றினார்கள்.
பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு
அணைமேல் நடந்தேன், கடற்காற்று எதிர்முகமாய்.
"இனி மெல்ல இறுக்கப் பழகு" என்று சொல்லியிருக்கிறாள்.
எங்கே தொடங்குவதென்றே மறந்திருந்தது.
இருமினேன்.
கொஞ்சம் கசிந்தது.
நோட்டு சட்டைப்பையில்தான் இருந்தது.
எழுதவில்லை.